பச்சைக் கோடு போட்ட தட்டுகள்

அத்தியாயம் 6

மூன்றாவது விரல் முறிந்த சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. சத்தம் சின்னதுதான். அதைத் தொடர்ந்து வந்த அலறலில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சுருண்டு கிடந்த நாய் எழுந்து தெருவுக்குப் போய்விட்டது.

விசில் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். இருபது வருஷம் பஸ் கண்டக்டராக ஊதி ஊதி அந்தப் பெயரை வாங்கினவன். படிக்கட்டில் மிதிபட்டிருக்கிறான், குடிகாரன் கையால் குத்துகூட வாங்கியிருக்கிறான். அதெல்லாம் அவனுக்குத் தூசு. கட்டிப்போட்ட ஆளை அடிக்கிற சத்தத்துக்கு மட்டும் எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காருப்பா" என்றாள் அண்ணி.

அண்ணி என்றால் அவனுடைய செத்துப்போன அண்ணனின் மனைவி. அந்த அண்ணன் இதே ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டராக இருந்தவர் என்பதால் இங்கே வாசல் கூட்டுகிறவர் முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அடுத்தவர் வீட்டுச் சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். விசில் அவளுக்கு உதவியாளர், டிரைவர், தேவைப்பட்டால் அடிவாங்குகிற ஆள்.

இன்ஸ்பெக்டர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அண்ணனுக்குக் கீழே வேலை பழகினவர். அந்த மரியாதையில்தான் வராந்தாவில் உட்கார வைத்து டீ கொடுத்திருந்தார்.

"இடது கை முடிஞ்சுது அண்ணி. கட்டை விரலோட சேத்து மூணு. இன்னும் ஒத்துக்க மாட்டேங்கறான். நாலு மணி வரைக்கும் விட்டு வெக்கிறேன். அப்புறம் வலது கை."

"அவன் மலையேறிச் செடி பறிக்கிறவன் தம்பி. கை போனா அவனுக்கு எதுவுமில்லை."

"தெரியும். அதனாலதான் கையில ஆரம்பிச்சேன்."

இந்த ஆள் ராத்திரி வீட்டுக்குப் போய் பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுகிறார் என்று விசிலுக்குப் புரியவில்லை. கேட்டால் பெரிய வாய் என்பார்கள். கேட்கவில்லை.

போலீஸ் கணக்குப்படி வழக்கு சுலபம். காட்டு மூலிகைகளிலிருந்து எண்ணெய் வடித்து, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்தக் கிருமியைக் கொல்லும் என்று ஆராய்கிற நிலையம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. அதன் தலைவர் புரொபசரைத் திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, வடிக்கிற கொட்டகையில் வைத்து யாரோ மண்டையைப் பிளந்துவிட்டார்கள். மூன்று அடி. கையில் இருந்த எண்ணெய் பாட்டில் நொறுங்கி, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, கொதிக்கிற அண்டாவின் மூடி மேலே முகம் குப்புற விழுந்தார். தூக்கும்போது முகத்தில் பாதி மூடியிலேயே ஒட்டிக்கொண்டது. அவரைத் தூக்கினவன் நிலையத்துக்குச் செடி பறித்துக் கொடுக்கிற செடிக்காரன், இப்போது ஸ்டேஷன் உள் அறையில் கிடப்பவன். சட்டை முழுக்க ரத்தமும் எண்ணெயும். முந்தின நாள் புரொபசரும் அவனும் வாசலில் நின்று கத்திச் சண்டை போட்டதை ஊரே பார்த்திருந்தது. கொட்டகையில் இலை இடிக்கிற பித்தளை உலக்கையைக் காணோம். மலைப் பள்ளத்தில் எறிந்துவிட்டான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

இப்போது அவன் கைநாட்டு ஒன்றுதான் பாக்கி. அதை வைத்துவிட்டால் ஆயுள் முழுக்க உள்ளே. வைக்காவிட்டால் வலது கையும் போகும்.

கடிகாரத்தில் மணி பதினொன்றரை.

நிலையத்துக்குள் காலை வைத்ததுமே மூலிகை நெடி மூக்கைப் பிடித்து இழுத்தது. சுவர், படிக்கட்டு, கதவுக் கைப்பிடி என்று எதைத் தொட்டாலும் அதே வாசனை. திங்கட்கிழமை போலீஸ் கொண்டுவந்த மோப்ப நாய் நாலு தும்மல் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். இந்த வழக்கில் நியாயமாக நடந்துகொண்ட ஒரே போலீஸ் அதுதான் என்று விசில் சொன்னான். அண்ணி சிரிக்கவில்லை.

கண்ணாடிச் சாமான் கழுவுகிற அறை கீழ்த்தளத்தில் பின்பக்கம் இருந்தது. தொட்டி முன்னால் நின்றிருந்தவள் செடிக்காரனின் அக்கா. அவளும் அதே நிலையத்தில்தான் வேலை. தம்பி உள்ளே இருக்கும்போதும் லீவு போடவில்லை. போட்டால் இங்கே கண்ணும் காதுமாக இருக்க ஆளில்லை என்று அண்ணியே சொல்லியிருந்தாள். சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எத்தனை விரல்?"

"ஒண்ணுதான்கா" என்றான் விசில்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. அப்பா அம்மா இல்லாமல் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவன் பாறையில் தொங்குவதை நினைத்தே பாதி நாள் தூங்கமாட்டாளாம். அழுகை வந்ததும் திரும்பித் தொட்டியில் கையை விட்டுக்கொண்டாள்.

அண்ணி சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்று ஒரு தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். உள்ளங்கை அகலத்துக்கு மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள். கிருமி வளர்க்கிற தட்டுகளாம். வேலை முடிந்ததும் பெரிய குக்கரில் வேகவைத்துத்தான் கழுவக் கொடுப்பார்கள். எவ்வளவு வேகவைத்தாலும் கிருமி வளர்ந்த படலம் ஆடை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் சுரண்டவேண்டும் என்று அக்கா பேச்சுக் கொடுத்தாள். அதிலும் அடியில் பச்சைக் கோடு போட்ட தட்டு இருக்கிறதே, அதில்தான் படலம் எப்போதும் கெட்டியாக இருக்கும், நகக்கண் எரியும் என்றாள்.

"செவ்வாய்க்கிழமை ஒரு நாள்தான் நிம்மதி. பச்சைக் கோடு பத்தும் பளிச்சுன்னு வந்துச்சு. தண்ணி விட்டா போதும்போல இருந்துச்சு. தம்பியப் புடிச்சுட்டுப் போன மறுநாள். சாமியே இரக்கப்பட்டு வேலையக் குறைச்சாருன்னு நெனைச்சேன்."

அண்ணியின் கையில் இருந்த துணி நின்றது. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனது. விசிலுக்கு அந்த வெளிச்சத்தைத் தெரியும். அது வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தனக்கு எங்கேயாவது அடி விழும் என்றும் தெரியும்.

மாடியில் மெஷின்காரர் இருந்தார். எண்ணெயை ஒரு சொட்டு உள்ளே விட்டால் அதில் கலந்திருக்கிற சரக்கையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பமாகக் காகிதத்தில் வரைந்து தள்ளுகிற மெஷின் அவருடையது. ஒல்லியான ஆள். மூன்று நாளாகத் தூங்காத கண். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். பச்சைக் கோடு என்றால் என்ன என்று அண்ணி கேட்டதும், அவர் கடகடவென்று பாடம் எடுத்துவிட்டார்.

தட்டில் கிருமியைப் பரப்பி, நடுவே எண்ணெயில் நனைத்த காகிதப் பொட்டு வைப்பார்கள். எண்ணெய் நல்லதாக இருந்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாக வெறுமை தெரியும். வட்டம் பெரிசானால் எண்ணெய்க்கு வீரியம் அதிகம். பச்சைக் கோடு போட்ட தட்டில் ஒன்றுமே வைக்கமாட்டார்கள். அதில் கிருமி முழுசாக வளர்ந்தே தீரவேண்டும். வளர்ந்தால்தான் மற்றத் தட்டில் கொன்றது எண்ணெய்தான் என்று நிச்சயமாகும்.

"அதுலயும் வளரலைன்னா?" என்றாள் அண்ணி.

"வளராம இருக்க ஒரே காரணம்தாம்மா. இந்த எண்ணெய் தொட்டுத்தான் கொல்லணும்னு இல்லை. இதோட ஆவியே போதும். தட்டையெல்லாம் கதகதப்பா ஒரு பெட்டியில மூடி வெப்போம், இன்குபேட்டர்னு. அதுக்குள்ள எண்ணெயில முங்கின சாமான் எதையாவது வெச்சு மூடிட்டா ஒரே நாள்ல மொத்தமும் காலி. அதனால எண்ணெயை அந்த ரூம் பக்கமே தனியா கொண்டு போகமாட்டோம்."

திங்கட்கிழமை போலீஸ் அந்தப் பெட்டியைச் சோதித்தார்களா என்று அண்ணி கேட்டாள். மெஷின்காரர் கசப்பாகச் சிரித்தார். பெட்டி மேலே 'உயிருள்ள நோய்க் கிருமி, திறக்காதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. எல்லோர் பையையும் செருப்பையும்கூட உதறிப் பார்த்த போலீஸ்காரர்கள், அந்த அறையில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

ஆக, புரொபசரைக் கொன்ற சாமான் எண்ணெயில் குளித்தபடி அந்தப் பெட்டிக்குள் ஒரு நாள் தூங்கியிருக்கிறது. கொன்றவன் கொட்டகையிலேயே பிடிபட்ட செடிக்காரன் இல்லை, உள்ளே நடமாடுகிற ஆள். அந்த அறைக்கு யார் யார் போவார்கள் என்று விசில் கேட்டான்.

"கிருமி மேடம் போவாங்க. அது அவங்க ரூம்" என்றார் மெஷின்காரர். "அப்புறம் நான்."

விசில் அவரைப் பார்த்தான். அவருடைய மேசையைப் பார்த்தான். எல்லா டிராயரும் துருப்பிடித்திருக்க, கடைசி டிராயரில் மட்டும் புத்தம் புதுப் பூட்டு.

"அதுல என்ன சார், சம்சாரத்தோட தாலியா?" என்று கேட்டுக்கொண்டே பூட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான்.

அவ்வளவுதான். அந்த ஒல்லி உடம்புக்குள் அத்தனை வெறி எங்கே இருந்தது என்று தெரியவில்லை. காஸ் சிலிண்டர் திருகுகிற ஸ்பேனர் விசிலின் புருவத்தில் இறங்கியது. ரத்தம் கண்ணை மூடியது. இரண்டாவது அடி தோளில். விசில் அப்படியே ஆளைக் கட்டிப்பிடித்து மேசை மேலே சாய்த்தான். காகிதக் கட்டுகள் சரிந்தன, நாற்காலி உடைந்தது, ஒரு முழங்கை அவன் விலாவில் ஏறி மூச்சை நிறுத்தியது. மூன்றாவது தடவை ஸ்பேனர் மேலே போனபோது அண்ணி பின்னால் வந்து, மெஷின்காரரின் காதுக்குக் கீழே கட்டை விரலை வைத்து அழுத்தினாள். அவர் கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"தியேட்டர்ல மயக்க மருந்து தீந்து போச்சுன்னா இதான் வழியா அண்ணி?" என்றான் விசில், ரத்தத்தை வழித்துக்கொண்டே.

"பேசாம டிராயரத் திற."

உள்ளே இருந்தது உலக்கை இல்லை. இரண்டே இரண்டு காகிதங்கள், கம்பம் கம்பமாக வரைந்தவை. மெஷின்காரர் தரையில் உட்கார்ந்தபடியே அழுதார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புரொபசர் சொல்லி இவர் மெஷினில் ஓட்டி எடுத்ததாம் அது. இரண்டும் ஒரே செடி. ஒன்று மலையின் தெற்குச் சரிவில் பறித்தது, இன்னொன்று வடக்குச் சரிவில் பறித்தது. இலையும் ஒன்று, வாசனையும் கிட்டத்தட்ட ஒன்று. தெற்குச் செடியின் எண்ணெயில் நடுவே ஒரு கம்பம் காகிதத்தின் உச்சி வரை நின்றது. கிருமியைக் கொல்கிற சரக்கு அதுதான். வடக்குச் செடியில் அந்தக் கம்பமே இல்லை. வெறும் வாசனைத் தண்ணீர். அந்த வடக்கு எண்ணெயைத்தான் இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் தீக்காயக்காரர்களுக்குத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புண் சீழ் வைத்து மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இதை நிறுத்தப்போகிறேன், எங்கே பொய் நுழைந்தது என்று காலையில் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் காலையில் செத்தார். காகிதத்தை வெளியே காட்டினால் தனக்கும் அதே கதிதான் என்று பயந்து இவர் பூட்டி வைத்திருக்கிறார்.

செடியை மாற்றிக் கொடுத்தது யார்? செடிக்காரன். புரொபசர் ஞாயிற்றுக்கிழமை அவனோடு கத்தியது எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது. காப்பாற்ற வந்து, இன்ஸ்பெக்டருக்கு இல்லாத காரணத்தையும் நாமே தேடிக் கொடுத்துவிட்டோமே என்று விசிலுக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணி காகிதங்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மணி இரண்டு.

கிருமி மேடத்தின் அறை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி துடைத்து வைத்திருந்தது. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு, இழுத்துப் போட்ட கொண்டை, பள்ளிக்கூட டீச்சரின் முகம். விசிலின் புருவத்தைப் பார்த்ததும் பதறிப்போய் அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, பஞ்சால் துடைத்து, மருந்து வைத்துக் கட்டினாள். கை அத்தனை மெதுவாக இருந்தது. செடிக்காரனைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கியது. பாவம், முரட்டுப் பையனே தவிர கெட்டவன் இல்லை, ஏதோ ஆத்திரத்தில் செய்திருப்பான் என்றாள்.

அண்ணி தயங்கித் தயங்கித் தட்டு விஷயத்தைக் கேட்டாள். மேடம் உடனே நோட்டை எடுத்துக் கொடுத்தாள். மணி மணியான எழுத்து. திங்கட்கிழமை காலை எட்டரைக்குத் தட்டுகள் உள்ளே. செவ்வாய்க்கிழமை காலை எடுத்துப் பார்த்தது. பச்சைக் கோடு பத்துத் தட்டு: முழு வளர்ச்சி. கையெழுத்து.

போயிற்று. படித்தவள் எழுதி வைத்ததையும் கழுவுகிறவள் வாயால் சொன்னதையும் தராசில் வைத்தால் எந்தக் கோர்ட் எந்தப் பக்கம் சாயும் என்று விசிலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் கழுவுகிறவள் குற்றவாளியின் அக்கா.

"தம்பியக் காப்பாத்த அவ ஏதாவது சொல்லத்தானே செய்வா" என்றாள் மேடம் பரிவாக.

"நானும் அப்படித்தான் நெனைச்சேன்" என்று அண்ணி நோட்டை மூடினாள். "நானும் ஆஸ்பத்திரியில இருந்தவதான் மேடம். எங்க பெரிய டாக்டர் ரொம்ப சாமர்த்தியம். தட்டு பார்வைக்குச் சுத்தமா இருந்தா அப்படியே குப்பைக் கூடையில வீசிடுவார். வேக வெச்சு, கழுவக் கொடுத்து, ஏன் வீண் வேலைன்னு."

மேடத்தின் முகம் சுருங்கியது. செருப்போடு யாரோ அவள் அறைக்குள் நடந்துவிட்டதைப்போல.

"அவரெல்லாம் ஒரு டாக்டரா? சுத்தமாத் தெரியுதுன்னு வீசிட முடியுமா? ஓரத்துல நாலு உயிரோட ஒளிஞ்சிருந்தா குப்பை பொறுக்குறவங்க கதி என்ன? அன்னைக்கு எனக்கு இருந்த அவசரத்துலயும் அந்தப் பத்தையும் நானே குக்கர்ல அடுக்கி, வேக வெச்சுட்டுத்தான்…"

நின்றாள்.

அறையில் குக்கர் மட்டும் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"நோட்டுல முழு வளர்ச்சி" என்றாள் அண்ணி. "வாயில, சுத்தமாத் தெரிஞ்ச பத்துத் தட்டு. எது மேடம் நெசம்?"

விசிலுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. செடிக்காரன் எதையும் மறைக்கவில்லை, மலையில் கிடைத்ததை இரண்டு பக்கமும் பறித்து, எந்தப் பக்கம் என்று சொல்லியே கொண்டுவந்து கொட்டினான். தெற்கும் வடக்கும் ஒரே மாதிரி கொல்லும் என்று சோதித்துப் பார்க்காமலே எழுதிக்கொண்டு வந்தது இந்த மணி மணியான எழுத்து. திங்கட்கிழமை புரொபசர் பிடித்தது அந்தப் பொய்யை. செவ்வாய்க்கிழமை தட்டெல்லாம் வெறுமையாக இருந்தபோதும் கை பழக்கத்தில் முழு வளர்ச்சி என்றே எழுதிவிட்டது.

"அந்தப் பெட்டிக்குள்ள இத்தனை வருஷத்துல நடந்த ஒரே ஒழுங்கான சோதனை அன்னைக்குத்தான் நடந்திருக்கு" என்றாள் அண்ணி. "விசிலு, பெட்டியத் தெற."

கிருமி என்றால் அவனுக்கும் பயம்தான். ஆனாலும் திறந்தான். அடித்தட்டில், பாட்டில் சரியாமல் இருக்க ஒரு தெர்மாகோல் பலகை போட்டிருந்தது. மேலே மழமழவென்று இருந்தது. தூக்கித் திருப்பினான். அடிப்பக்கம் முழங்கை நீளத்துக்கு ஒரு பள்ளம். ஒரு முனை ஒல்லி, மறு முனை பருமன். எண்ணெய் தெர்மாகோலைக் கரைத்துத் தின்றிருந்தது. உலக்கைக்கு அளவெடுத்து மெத்தை தைத்ததுபோல அத்தனை துல்லியம்.

"அண்ணி, உலக்கை படுத்த படுக்கை இருக்கு. உலக்கையத்தான்…"

உலக்கை அவன் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

தோளெலும்பு உடைந்த சத்தத்தை அவனே கேட்டான். முகம் பெட்டியின் கதவில் மோதிப் பல் ஒன்று நாக்கில் புரண்டது. திரும்பினான். தொட்டிக்கு அடியிலிருந்து எடுத்த பித்தளை உலக்கை, வேகவைத்துத் தேய்த்துப் பளபளவென்று, மேடத்தின் இரண்டு கையிலும் இருந்தது. டீச்சர் முகம் அப்படியே இருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. இரண்டாவது அடிக்கு அவன் உருண்டுவிட்டான். உலக்கை தரையில் விழுந்து ஓடு சிதறியது. அவள் காலைப் பிடித்து இழுத்தான். அவள் விழாமல் அவன் கையை மிதித்து ஏறி நின்று உலக்கையை ஓங்கினாள். அவன் தலைக்குத்தான் குறி.

அண்ணி அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்த பாட்டிலையெல்லாம் எறிந்தாள். ஒன்று மேடத்தின் கன்னத்தைக் கிழித்தது. அவள் திரும்பி அண்ணி மேல் பாய்ந்தாள். அண்ணி ஓடவில்லை. பெரிய குக்கரை ஒட்டி நின்று, உலக்கை கிட்டத்தில் வரும் வரை காத்திருந்து, ஆவி வெளியேறுகிற திருகை முழுசாகத் திறந்துவிட்டாள்.

வெள்ளையாகச் சீறிய ஆவி மேடத்தின் இரண்டு கையிலும் அடித்தது. அந்த அலறலை விசில் சாகும் வரை மறக்கமாட்டான். உலக்கை உருண்டு போனது. கையுறையைக் கழற்றுகிற மாதிரி கைத்தோல் மணிக்கட்டிலிருந்து சுருண்டு வந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த மெஷின்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்தத் தடவை சரியான ஆள் மேல் விழுந்தார்.

ரப்பர் குழாயால் அவளை நாற்காலியோடு கட்டினார்கள். அண்ணி அவள் கைகளைக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி வைத்தாள். அந்த நிலையிலும் மேடம் நிதானமாகவே பேசினாள். பதினைந்து வருஷம் இந்த அறையில்தான் வாழ்ந்தாளாம். முதல் நாலு வருஷம் ஒவ்வொரு தட்டையும் பார்த்தாளாம். யாரும் திரும்பச் சோதிப்பதில்லை என்று தெரிந்தபின் பார்ப்பதை விட்டாளாம். கொட்டகையில் புரொபசர் கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள், அவர் அவளைப் பார்த்து அழுதுவிட்டாராம், அதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். எண்ணெய் பட்டது உலக்கையில் கொஞ்சம்தானே, ஒரு ராத்திரிக்குள் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாளாம்.

"வீரியம் தெரியணும்னா சோதிச்சுப் பாத்திருக்கணும்" என்றாள் அண்ணி.

மணி மூன்று. அண்ணி ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். எடுத்த கான்ஸ்டபிள், ஐயா உள்ளே விசாரணையில் இருக்கிறார், யார் போன் செய்தாலும் கூப்பிடக்கூடாது என்று உத்தரவு என்றான்.

நாலு மணி என்று சொன்னவர் மூன்று மணிக்கே ஆரம்பித்துவிட்டார்.

மேடத்துக்கு மெஷின்காரரைக் காவல் வைத்துவிட்டு விசில் ஒற்றைக் கையால் கார் ஓட்டினான். பக்கத்தில் அண்ணி, பின்னால் அக்கா, அவள் மடியில் தெர்மாகோல் பலகையும் துணியில் சுற்றிய உலக்கையும். வழியில் அக்கா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். பொய் சொல்லவேண்டாம், எத்தனை விரல் என்று கேட்டாள். மூன்று என்றான் விசில். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் யாரும் தடுக்கவில்லை. தடுக்க வந்த கான்ஸ்டபிளை அண்ணி பார்த்த பார்வையில் அவன் நாற்காலியோடு சுவரில் ஒட்டிக்கொண்டான். உள் அறைக் கதவை விசில் காலால் உதைத்துத் திறந்தான்.

இன்ஸ்பெக்டர் மேசைப்பக்கம் நின்றிருந்தார். மேசை மேல் எழுதி முடித்த வாக்குமூலம், பக்கத்தில் மை தடவுகிற பட்டை. காகிதத்தின் கீழே கைநாட்டு வைக்கவேண்டிய இடத்தில் ஒரு பெரிய சிவப்புத் தீற்றல். ரேகை இல்லை. வெறும் ரத்தம். இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்திருந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் அவர் பார்க்காததைப் பார்த்திருக்கிறார் என்று விசிலுக்குத் தோன்றியது.

செடிக்காரன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். இடது கை வீங்கித் தொங்கியது. வாயெல்லாம் ரத்தம். வலது கையை மடியில் வைத்து மறைத்திருந்தான். அக்கா அவன் முன்னால் மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். விரல் ஐந்தும் நேராக இருந்தன. கட்டை விரலின் நுனிச் சதை மட்டும் இல்லை.

"யாருடா பண்ணது?" என்றாள், இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கொண்டே.

"அவரு இல்லக்கா." பேசுவதற்கு அவன் வாயிலிருந்ததை முதலில் துப்பவேண்டியிருந்தது. "மையத் தடவி விரலப் புடிச்சு இழுத்தாங்க. அவங்க வெச்சுட்டா நான் கொன்னதா ஆயிடும்ல. அதான் நானே கடிச்சுட்டேன்."

அண்ணி உலக்கையைத் துணியோடு வாக்குமூலத்தின் மேலே வைத்தாள். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி கேட்கிற நிலையில் இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, தன் புடவை முந்தானையைக் கிழித்து அந்த விரலைச் சுற்ற ஆரம்பித்திருந்தாள்.

அக்கா தம்பியின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். கை போச்சேடா, கை போச்சேடா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கை இருக்குக்கா" என்றான் அவன். "ரேகைதான் போச்சு."